அக்கா கேட்ட சக்கரக் கூண்டு

என் தெய்வானை அக்காவுக்கு,

பெரியமாமா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் முடிவதற்குள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள் என்று நீ காத்திருக்க வேண்டாம்.

"உங்கக்கா வாராவாரம் ஞாயித்துக்கெழம கடையில பிராய்லர் வாங்கித் தின்னவதான கண்ணு? அந்தக் கோழிக்கு ஒரு நாயம், இந்தக் கோழிக்கு ஒரு நாயமா? நீதான் காலேஜுல பாடம் நடத்தறவ. சொல்லு பாக்கலாம்."

உன் காரியம் முடிந்த மறுநாள் அது. துக்கம் கழித்துக் கவுச்சி எடுக்கும் நாள்; வந்த சொந்தங்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும். வழக்கத்தின் மேல் எனக்குக் குறையில்லை. எத்தனையோ வீடுகளில் அந்தக் கறிக்கு நீயே வெங்காயம் உரித்துக் கொடுத்திருக்கிறாய். ஆனால் முதலிபாளையத்தில் உன் லைன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது, கடையில் வாங்கிய கறி எதுவும் அங்கே இல்லை. கூவுவதைத் தவிர வேறு வேலை பார்க்காததால் நீ 'மேனேஜர்' என்று பேர் வைத்த சேவல் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. மீதி நாலு கோழிகளும் குழாயடியில் கிடந்தன. கால்களைக் கட்டியிருந்தது உன் தையல் டப்பாவிலிருந்து எடுத்த எலாஸ்டிக்.

அந்த எலாஸ்டிக்கைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. டப்பாவை யார் திறந்தது? யாரைக் கேட்டுத் திறந்தார்கள்?

"என்னங்க மாமா இது?" என்றேன்.

"பின்ன என்ன கண்ணு பண்றது? அவளுக்குப் புள்ளையா குட்டியா? யாருமில்லாதவ ஊட்டுக் கோழி. நாய் தூக்கீட்டுப் போறதுக்கு நம்ம சனம் தின்னுட்டுப் போகுது."

யாருமில்லாதவள். பதினாறு நாளும் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன் அக்கா. வந்தவர்கள் எல்லோரும் பாவம் என்ற சொல்லோடு சேர்த்து அதைச் சொன்னார்கள். நான் அங்கேதான் நின்றேன், அவர்களுக்குக் காபி டம்ளர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு. அப்படியென்றால் நான் யார்? டம்ளர் கொடுக்க வந்தவளா?

மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உன்னைத் தூக்கும்போது அவர் தேம்பியதைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கோபத்தை இறக்கி வைக்க எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. நான் குனிந்து எலாஸ்டிக்கை அவிழ்க்க ஆரம்பித்தபோதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விலங்கியல் படித்தவள். எத்தனை தவளை, எத்தனை கரப்பான் அறுத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. நானும் கறி தின்பவள்தான். மாமா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு மாணவி அப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நாலையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஆட்டோவில் ஏறினேன். சாப்பிடாமல் போகிறாள் என்று பின்னால் யாரோ குறைபட்டார்கள். அந்தக் குறை இருக்கட்டும்.

பேர் எல்லாம் உன் பனியன் கம்பெனியிலிருந்து எடுத்தவை. கழுத்தில் வெள்ளை வளையம் உள்ளது 'காலர்'. ஓரம் அடிக்கும் மெஷின் மாதிரி நிறுத்தாமல் கொக்கரிப்பது 'ஓவர்லாக்'. உருப்படிக் கூலிக்குத் தைப்பவள் மாதிரி நாள் தவறாமல் முட்டையிடுவது 'பீஸ்ரேட்'. ஒரு விரல் கோணலாகப் பிறந்த கருப்பி, குறையென்று ஒதுக்கிய உருப்படியின் பேரில், 'செகண்ட்ஸ்'. ஒருமுறை ஆசிரியர் அறையில் இந்தப் பேர்களை வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

என் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியும். கீழே நான், மாடியில் வீட்டுக்கார அம்மா. பின்பக்கம் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு நீளத் துண்டு செம்மண். அங்கே ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்து, இவ்வளவுதானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மழை பெய்தது. நாலாம் நாள் காலையில் அந்த அம்மா மூக்கில் சேலைத் தலைப்போடு படியிறங்கி வந்தார்.

"ஏனுங் டீச்சர், உங்களுக்குத் தெரியாததுங்களா? என்னால சன்னல் தெறக்க முடியலீங்க. அக்கா போன வருத்தம் எனக்கும் புரியுதுங்க. பதினஞ்சு நாள் பாக்கறனுங்க. அதுக்குள்ள நாத்தம் போகோணும். இல்லீன்னா கோழி போகோணும்."

எங்கே போகும்? மாமாவிடம்தான். அவர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார். "வளக்க முடியலீன்னா சொல்லு கண்ணு, வந்து எடுத்துக்கறேன்." எடுத்துக்கொண்டு என்ன செய்வார் என்பதைக் கேட்கத் தேவையில்லை.

அன்றைக்குத்தான் உன் பழைய குரல் பதிவைத் தேடி எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீடியோவோடு நீ அனுப்பியது. "அம்மிணி, இதப் பாரு, வீலு வெச்ச கோழிக்கூண்டு! அடியில தரையே கெடையாது. தெனமும் நாலடி தள்ளி வெச்சாப் போதுமாம். கோழி எங்க நாறுது, ஒரே எடத்துல கெடந்தா எடந்தான் நாறும். நீ படிச்சவ, அளவு போட்டு ஒரு படம் வரஞ்சு குடு." கடைசியில் நீ சிரிக்கிறாய். அதற்குக் கீழே என் பதில் இருக்கிறது. உயர்த்திய ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான். ஒரு படம் வரைய எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அக்கா? நீ ஏன் இரண்டாம் முறை கேட்கவில்லை?

படம் வரைந்தேன். ஆறடி நீளம், மூன்றடி அகலம், அடியில் திறப்பு. இரவில் அடைய உள்ளே ஒரு தக்காளி கிரேட்டைக் கவிழ்த்து வைப்பது. மேலே தார்ப்பாய். செய்வதற்கு ஞாயிற்றுக்கிழமை பேச்சி வந்தாள். கம்பெனியில் உனக்கு அடுத்த மெஷினில் தைத்தவள், தென்காசிப் பக்கத்துக்காரி. நான் கூப்பிடாமலே வந்தாள். பழைய இரும்புக் கடையில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிள் ஒன்றின் உடைந்த சட்டங்களையும், துணி ரோல் தள்ளும் டிராலியின் நாலு சின்னச் சக்கரங்களையும் வாங்கி வந்திருந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது.

கம்பிவலையை அவள்தான் வெட்டினாள். நான் எழுபத்திரண்டு இஞ்ச் என்றேன். அவள் எழுபதில் வெட்டினாள்.

"ரெண்டு இஞ்ச் குறையுது பேச்சி."

"இழுத்துப் பிடிச்சா வந்துரும்க்கா."

வரவில்லை. வாழ்நாள் முழுவதும் பனியன் துணி தைத்த கை. எந்தத் துணியும் இழுத்தால் நீளும் என்று அதற்குப் பழகிவிட்டது. கம்பி நீளுமா? நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "தெய்வானையக்கா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சுத் தைக்க ஆல்ட்ரேசன்ல போட்டுருப்பாவ" என்றாள் பேச்சி. நீ போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அந்த இடைவெளியில் பெருச்சாளி நுழைந்துவிடும் என்று பயந்து, இந்த ஊரில் எல்லோரும் எல்லா ஓட்டைக்கும் செய்வதையே செய்தோம். பனியன் வேஸ்ட்டை, அந்தக் கழிவுத் துணியையும் நூலையும், திணித்து அடைத்தோம்.

சக்கரம் அதைவிட மோசம். கம்பெனியின் வழுவழு தரையில் ஒரு விரலால் தள்ளினால் ஓடும் சக்கரங்கள், செம்மண்ணில் வைத்ததும் அப்படியே புதைந்து உட்கார்ந்துகொண்டன. நகரும் கூண்டு நகரவில்லை. நான் ஒரு பக்கம் தூக்கி, பிறகு மறுபக்கம் தூக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். மண் மறுபடி நாற ஆரம்பித்தது.

வியாழக்கிழமைதான் செகண்ட்ஸ் நொண்டுவதைப் பார்த்தேன். பிறவிக் கோணல்தானே என்று இரண்டு நாளாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பிடித்துத் தூக்கினால் கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. மூலையில் நாங்கள் திணித்த வேஸ்ட்டைக் கொத்திக் கொத்தி நூலை இழுத்திருக்கிறது. நூல் காலைச் சுற்றி, இறுகி, தோலுக்குள் இறங்கிவிட்டது. உன் தையல் டப்பாவைக் கோழிகளை ஏற்றிய அன்றே என்னோடு எடுத்து வந்திருந்தேன். அதிலிருந்த டிரிம்மரை, நாள் முழுக்க நூல் வெட்டிக்கொண்டிருப்பாயே அந்தக் குட்டிக் கத்திரியை எடுத்தேன். போன் செய்ததும் வந்த பேச்சி அதன் தலையை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க வெகுநேரம் ஆனது.

அப்போது பேச்சி சொன்னாள்: "அக்காவுக்குக் காய்ச்சல்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா. நாலு நாளும் தைச்சாவ. நாலாம் நாளு தண்ணி கேட்டாவ, அரை நாள் லீவும் கேட்டாவ. சூப்பர்வைசர், ஷிப்மெண்ட் போகட்டும் பொறவு பாத்துக்கலாம்னுட்டான்."

நான் அடுத்த இழையை வெட்டினேன். அந்த வாரம் ஒருமுறை உன்னோடு பேசினேன், நினைவிருக்கிறதா? குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றேன். பஞ்சுத் தூசி அம்மிணி என்றாய். நம்பினேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று பேர் எடுத்தவள், அதை மட்டும் நம்பிவிட்டேன். கம்பெனியிலிருந்து உனக்கு ஒரு மாலை வந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அரை நாள் லீவு கொடுக்க முடியாதவர்களுக்கு அவ்வளவு பெரிய மாலை எங்கே கிடைத்தது?

சரி. வேஸ்ட்டை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். அந்த இரண்டு இஞ்சுக்குத் தனியாக ஒரு துண்டு வலை வெட்டி, கம்பியால் முறுக்கிக் கட்டினேன். அடுத்ததைச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய். லைன் வீட்டிலிருந்து கொண்டுவந்த உன் சைக்கிளைப் பிரித்துவிட்டேன். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் கூண்டின் ஒரு முனையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக மாட்டினேன். மறுமுனையில் கைப்பிடி, தள்ளுவண்டி மாதிரி தூக்கித் தள்ள வேண்டியதுதான். அச்சை வைத்து ஒட்டிக் கொடுத்த வெல்டிங் கடைக்காரர் கேட்டார்: "ஏனுங் டீச்சர், கோழியெல்லாம் பழனிக்குப் போகுதுங்களா?"

ஓடுகிறது அக்கா. செம்மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு ஓடுகிறது. உள்ளே நாலும் கூடவே நடந்து வருகின்றன. ஓவர்லாக் மட்டும் ஒவ்வொரு நாளும் ஆட்சேபம் தெரிவிக்கிறது. செகண்ட்ஸின் வீக்கம் வடிந்துவிட்டது. ஒரு விரல் போய்விட்டது. நடை இனி இப்படித்தான் இருக்கும். பழைய இடத்தில் மண்ணைக் கொத்திவிட்டு வேப்பிலை போட்டிருக்கிறேன். எனக்கு நாற்றம் தெரியவில்லை. என் மூக்கை நான் நம்பவில்லை.

நாளைக் காலையோடு கெடு முடிகிறது. அந்த அம்மா என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் உனக்கு ஒரு வார்த்தை கொடுக்கிறேன். அவர் போகச் சொன்னால் கூண்டோடு நானும் வேறு வீடு பார்ப்பேன். உன் நாலு கோழிகளும் கிழடாகித்தான் சாகும். அதுவரை தினமும் நாலடி நான் தள்ளுவேன். யாருமில்லாதவள் வீட்டுக் கோழி என்று இனி ஒருவரும் சொல்ல விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள், உன் கோழிகளுக்குச் சின்னம்மா.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆறரை மணிக்கு அந்த அம்மா இறங்கி வந்தார். கூண்டை அதற்கு முன்பே தள்ளி வைத்திருந்தேன். முந்தின நாள் கூண்டு நின்ற இடத்தில் போய் நின்று, மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார். குனிந்துகூடப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலீங்க டீச்சர். இருந்துட்டுப் போகட்டும்."

படிவரை போனவர் திரும்பினார். "அந்த நொண்டி ஒண்ணு மட்டும் எதுக்குங்? அது சொகமில்லாம முட்டையும் வெக்காது. அறுத்துக் கொழம்பு வெச்சர்லாமுங்களே."

"இல்லீங்க" என்றேன்.

"ஏனுங்?"

"தெரியலீங்க."

அவர் மாடியேறிப் போனார். நான் தீவனத்தைப் போட்டேன். காலர், ஓவர்லாக், பீஸ்ரேட் மூன்றும் ஓடி வந்தன. செகண்ட்ஸ் கடைசியாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.