வாசல் பலகையில் வராத சாவு

கருகிய முடியும் கந்தகமும் கலந்த நாற்றம் இன்று மறுபடி கேஷுவல்ட்டிக்குள் வந்தது. பட்டாசு வெடித்து, தோள்வரை தோல் உரிந்த ஒரு விளாத்திகுளத்துப் பெண். அவள் போட்ட கூச்சலில் உன் ஞாபகம் வந்துவிட்டது, சிநேகிதி.

நாம் நர்ஸாக ஒன்றாய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரிதானே இது. மாதாமாதம் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று வாசலில் பலகை வைத்தபோது நமக்கு எவ்வளவு சந்தோஷம்! ஊர் பார்க்கிறது என்றதும் டாக்டர்கள்கூட ஒழுங்காகக் கை கழுவினார்கள். தையல் போட்ட இடத்தில் சீழ் வைப்பது குறைந்தது. அப்புறம்தான் மேனேஜருக்குப் புத்தி குறுக்கே போனது. யாராவது தேறமாட்டார் என்று தோன்றினால் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். வழியில் செத்தால் அது நம் சாவு இல்லையாம்.

தீப்பெட்டி ஆபீஸில் வெந்துபோனவளையும் அப்படித்தான் ஏற்றினார்கள். போகமாட்டேன் என்று அவள் உன் கையைப் பிடித்தாள். பிரித்தபோது அவள் விரல்தோல் உன் கையில் ஒட்டியிருந்தது. கயத்தாறு தாண்டுமுன் உயிர் போய்விட்டது என்று டிரைவர் போன் செய்தார்.

ஆக்சிஜன் சிலிண்டர் ஸ்பேனரோடு நீ வாசலுக்கு ஓடினாய். பலகைக் கண்ணாடி சிதறியது. தடுக்க வந்த மேனேஜரைச் சுவரில் மோதினாய். அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"அனுப்பி வச்ச ஆளுவ எல்லாம் எங்கல? அவிய என்ன ஆனாவன்னும் எழுதுல!"

நான் உன் இடுப்பைக் கட்டி இழுத்தேன்.

"விடுட்டி, இவனக் கொன்னுபோடுதேன்!"

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆனால் நீ கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. இறந்தவளின் ஊர்க்காரர்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். புதுக் கரும்பலகையில், வெளியே அனுப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எழுத வேண்டியதாயிற்று. அனுப்பித் தப்பிக்க வழியில்லை என்றான பிறகுதான் தீக்காயத்துக்குத் தனி அறையே வந்தது. இன்று வந்தவள் அங்கேதான் கிடக்கிறாள்.

போன வருஷம் லாரி மோதி, மண்டை பிளந்து, உன்னையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலி என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் கடைசிவரை போராடினார்கள். நீ போய்விட்டாய்.

"இவள போர்டுல எழுத வேண்டாம்மா, நம்ம பிள்ளைலா" என்றார் மேனேஜர்.

ஓங்கி அறைந்தேன். வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டே வாசலுக்குப் போய், சாவுக்கு நேராக இருந்த எண்ணை அழித்து, உன்னையும் சேர்த்து எழுதினேன்.