மூன்றாவது பெட்டி ஏன் விழுகிறது

என் அருமை வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அறையில் நீ விட்டுப்போன மூன்று பழைய ரவுட்டர்கள் ஆக ஐந்து பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதை அந்தப் பெட்டிகளின் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அது மினுங்கினால் நீ அங்கிருந்து நெட் வழியாக உள்ளே நுழைந்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாய், ஆகவே சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று அர்த்தம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் பார்சலில் வரும் ஸ்வெட்டருக்குள் மடித்து அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். விஷயம் உன் அப்பாவைப் பற்றியது, போனோ எந்நேரமும் அவர் கையில். அதனால் பல் டாக்டர் கிளினிக்கில் என் மேஜையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நான் அவருடைய பல்லைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று கவலையோடு பார்க்கிறார்.

முதலில் வம்பு, பிறகு விஷயம். நீ அந்தப் பெட்டிகளோடு திறந்து வைத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்பில் அன்று "நெய்பர் டவுன்" என்று வந்ததாம். உன் அப்பா அதைப் படித்து, பக்கத்து வீட்டுக்காரர் விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். படித்ததோடு நிற்காமல், பனியனோடு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டார். அங்கே தையல்காரர் உருண்டுபோன ஸ்க்ரூவைத் தேடி மிஷினுக்கு அடியில் மல்லாந்து கிடந்திருக்கிறார். இவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து தையல்காரர் காலையில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை, "என்னக்கா, இன்னிக்கு நான் இருக்கேனா போயிட்டேனா, பொட்டி என்ன சொல்லுது?" என்றுதான் கேட்கிறார். பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஹலோ சொல்லிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நேரம் ஹலோ வராவிட்டால் பக்கத்துப் பெட்டி செத்துவிட்டதென்று மற்றதுக்கெல்லாம் தகவல் சொல்லி வேறு வழியில் போகும் என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது நல்லதாகப் போயிற்று, நான் போய் விளக்கினேன். உன் அத்தையும் இதே ரகம்தான். ஒரு வாரம் பேசாவிட்டால் நாம் கெட்டுப்போய்விட்டோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவாள். கேட்டதை அப்படியே அடுத்த பெட்டிக்குச் சொல்லும் பழைய ரகம் ஒன்று உண்டு என்றாயே, அது நான். ஊர் வரைபடம் முழுவதையும் தலையில் வைத்திருக்கும் ரகம் உன் அப்பா. ஆனால் அது வாயைத் திறந்து சொல்லவும் செய்யுமாமே, அங்கேதான் இவர் தேறவில்லை.

இனி விஷயம். போன தடவை என்னோடு பேசும்போது, "மூணு ஓட்டை ரவுட்டர ஒழுங்கா ஓட விடத் தெரியல, நான் நெட்வொர்க் பரீட்சை எழுதி என்னத்தக் கிழிக்கப் போறேன், பேர வாபஸ் வாங்கிடறேன்"னு சொன்னாய். மூன்றாவது பெட்டிக்கு மெமரி பத்தாது, ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. என்று இவ்வளவு பெரிய வழி தேடும் ஏற்பாடெல்லாம் அதன் தலையில் ஏற்றியது என் தப்பு, எவ்வளவு குறைத்தாலும் விழுகிறது என்று அழாத குறையாகப் பேசினாய். கரண்ட் சரியா இருக்காப்பா என்று நீ கேட்டதற்கு உன் அப்பா, "கரண்ட்டெல்லாம் கல்லு மாதிரி நிக்குதும்மா" என்று சத்தியம் செய்ததும் என் காதில் விழுந்தது. நேற்று டாக்டருக்கே பல்வலி, சீக்கிரம் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் உன் அப்பா பஸ் டிப்போவிலிருந்து திரும்பிக் கிரீஸ் போகக் கை கழுவி, நல்ல சட்டை மாட்டி, உன் அறைக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு ஆயிரம் சந்தேகம், கதவோரம் நின்றேன். சீப்பை வைத்தார், குனிந்தார், மூன்றாவது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேட்டால், "சூடா இருந்துச்சு, இன்ஜின்னா ஆற விடணும்ல" என்கிறார். தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்ப் பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது விழுந்தாத்தானே அவ வீடியோவுல கூப்பிடறா" என்றார். ஆரம்பத்தில் அது நிஜமாகவே மூச்சுத் திணறி விழுந்ததாம், நீ பதறிக் கூப்பிட்டாயாம், இவர் பிளக்கைப் பிடுங்கிச் செருகியதும், "அப்பா, நீங்க இல்லேன்னா என் லேபே இல்ல" என்றாயாம். அதற்கப்புறம் நீ பாதைகளை எல்லாம் குறைத்துச் சரிசெய்துவிட்டாய், பெட்டி விழவே இல்லை. விழவைத்தது எல்லாம் இந்த மனுஷர்தான். உன்னிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார். என்னிடம் போய்! இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

ஆகவே, கண்ணு, உன் கணக்கு சரி, உன் கை சரி, அந்த ஓட்டைப் பெட்டியும் சரி. பேரை வாபஸ் வாங்காதே. நீ பரீட்சையை விடப் பார்த்தாய் என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே திட்ட மனசு வரவில்லை. அவரே பிளக்கின் மேல் டேப் ஒட்டிவிட்டார், உரித்தால் தெரியும்படி குறுக்கும் நெடுக்குமாக. இனி அது விழாது. விழாது என்பதால் உனக்குக் கூப்பிடக் காரணமும் இருக்காது, அதுதான் இப்போது சிக்கல். இன்றும் தலை வாரிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். நீ கூப்பிடு. எடுத்ததும், "என்னம்மா, பெட்டி விழுந்திடுச்சா?" என்றுதான் கேட்பார். இல்லப்பா, சும்மாதான் என்று சொல்.

நன்றாக இரு, நினைத்ததெல்லாம் கைகூடட்டும். ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுவிடாதே, சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். கன்னத்தைப் பிடித்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

ரகசியம் காக்கத் தெரியாத,
உன் அம்மா