ஓடிப்போனவர்களின் கட்சிக்கு ஒரு தலைவி

பிப்ரவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கட்சித் தலைவியான செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். வாழ்த்துவதா, அனுதாபப்படுவதா தெரியவில்லை. மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவள் நீ. எல்லோரும் ஓடிய பிறகு உன் தலையில் கட்டிவிட்டார்கள். முதலில் ஓடியவன் நான்தான், மறுக்கவில்லை.

நீயும் இங்கே வந்துவிடு. எங்கள் தலைவரிடம் பேசிவிட்டேன். ஜெயித்தால் கால்நடைத் துறை மந்திரி நீதான்.

போனைத்தான் எடுக்கமாட்டேன் என்கிறாய், பதிலாவது எழுது. உன் அண்ணி என்னோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை.

உன் அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் சண்டை வரும், அதனால்தான் எடுக்கவில்லை.

நேற்று ஒரு கூட்டம். மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே இருந்தவர்கள் குறைவு. தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா எழுந்து, "நீயும் போயிடுவியாம்மா? போறதுன்னா இப்பவே சொல்லிடு, நான் என் வேலையைப் பாக்கறேன்" என்றார். "தேர்தல் முடியற வரைக்கும் நகரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எப்படி அண்ணா வருவது? மந்திரி பதவியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

இரத்தக்கொதிப்பு மாத்திரையை விட்டுவிடாதே.

அன்புடன்,
வாயாடி

ஏப்ரல் 20

அன்புள்ள வாயாடிக்கு,

உன் தொகுதிக்கே வந்து உனக்கு எதிராகப் பேசச் சொன்னார்கள். காரில் ஏறப்போகும்போது வயிற்றுவலி என்று படுத்துவிட்டேன். டாக்டரை வேறு அனுப்பினார்கள். அவர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எங்க வலிக்குதுன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார். உன் அண்ணி கதவோரம் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

இனி எனக்கு மந்திரி பதவி கிடையாது. ஆனால் இன்று வீட்டில் சாப்பாடு பிரமாதம்.

உன் அண்ணன்

ஜூன் 11

அன்புள்ள அண்ணா,

ஓர் இடம்கூட வரவில்லை. என் தொகுதியும் போயிற்று. நேற்று கட்சியைக் கலைக்கும் தீர்மானத்தை நானே வாசித்தேன். அழுதுவிடுவேனோ என்று பயந்தேன், அழவில்லை. இருந்த கொஞ்சம் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் அவசரமாகக் கிளம்பவில்லை. நாற்காலிகளை எல்லோருமாக அடுக்கிவைத்துவிட்டு வந்தோம்.

இன்று காலையில் ஆஸ்பத்திரியைத் திறந்தேன். முதலில் வந்த கழுதை என்னை உதைத்துவிட்டது. தலைவியாக வாங்கிய உதைக்கு இது எவ்வளவோ தேவலாம்!

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே, அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வந்து சமாதானப்படுத்து. சீக்கிரம் சமாதானமாகமாட்டேன், இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா.

உன் வாயாடி