கையில் புத்தகம் இல்லாமல்

1997 ஜனவரி 1, புதன்
தம்பி கிளறன்ஸைப் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு ஏழு கிழமை. கொழும்பில், கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் பொலிஸிடம் அகப்பட்டான். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், அவ்வளவுதான் குற்றம்.

புதுவருட ஆராதனையில், ஆளுக்கொன்று எடுக்க, வேத வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டைகள் தட்டில் வந்தன. நான் எடுத்த வசனம் பொறுமையாக இருக்கச் சொன்னது. இந்த ஐறீனுக்கா, எனக்கா பொறுமை? ஒருவரும் பார்க்காமல் திருப்பி வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். மூன்றாம் நாளில் எழுப்புவார் என்று வந்தது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை தம்பி வருவான். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி
அம்மா இடியப்பமும் மீன் குழம்பும் செய்து காத்திருந்தா. பிறகு மூடி வைத்தா. என்னோடு கதைக்கவில்லை.

ஜனவரி 4
வெட்கமாக இருக்கிறது. சாத்திரியாரிடம் கேட்கிற மாதிரிக் கடவுளிடம் குறி கேட்டிருக்கிறேன் — அதுவும் பிடிக்காத பதிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. முப்பத்தொரு வயதாகிறது, வேதப்புத்தகத்தை ஒருதரமாவது முழுதாக வாசித்தேனா? இனிப்பான வசனங்களைப் பொறுக்கித் தின்றதுதான் மிச்சம்.
நாளைக் காலை ஐந்து மணி. ஆதியாகமம், முதலாம் அதிகாரம். செய்வேன்.

ஜனவரி 12, ஞாயிறு
சிறையில் தம்பியைப் பார்க்கப் பத்து நிமிடம் தந்தார்கள். கொண்டுபோன வேதப்புத்தகத்தை உள்ளே விடவில்லை. தமிழ் எழுத்தைத் தன்னால் வாசித்துச் சோதிக்க முடியாது என்று காவலர் சிங்களத்தில் சொன்னார்.
கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி மெலிந்து நின்றான். வழக்கைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்ன வாசிக்கிறீர்கள் என்று அவனே கேட்டான். நோவா என்றேன். பேழையிலிருந்து முதலில் போன பறவை எது என்றான். புறா என்றேன்.
“காகமெல்லோ, அக்கா?”
எட்டுக் கிழமைக்குப் பிறகு சிரித்திருக்கிறான்.

ஜனவரி 13
காகம்தான்! அரைத் தூக்கத்தில் வாசித்தால் இப்படித்தான். இனி வாசிப்பேன், புத்தகத்தை மூடுவேன், என் வாயால் அம்மாவுக்குச் சொல்வேன், பிழைத்த இடத்தைத் திறந்து பார்ப்பேன். அம்மா இன்னும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் தேங்காய் திருவிக்கொண்டே கேட்கிறா.

ஜனவரி 23
லோத்து குடும்பம் ஊரைவிட்டு ஓடின அதிகாரம். எண்பத்திமூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரிய, உடுத்த துணியோடு இரத்மலானை முகாமுக்கு ஓடினோமே. அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தினா.
“நானும் திரும்பித்தான் பாத்தனான், பிள்ளை.”
திரும்பிப் பார்த்து உப்புத்தூணான லோத்தின் மனைவியை இத்தனை வருடமாகக் குறை சொன்னவள் நான். இரண்டு பேரும் அழுதோம். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தா.

பெப்ரவரி 16, ஞாயிறு
உள்ளே தம்பியைத் தவிரப் பதினொரு பேர் இருக்கிறார்கள். நான் ஞாயிறுகளில் சொல்வதை அவன் கிழமை முழுக்க அவர்களுக்குச் சொல்கிறானாம்! சிவபாலன் என்று ஒருவர், கிளிநொச்சிக்காரர், முருக பக்தர். கொழும்பில் அவரைப் பார்க்க ஒருவருமில்லை. தான் விடுதலையானதும் சிறையில் யோசேப்பை மறந்துபோன பானபாத்திரக்காரன்மேல் அவருக்கு அடங்காத கோபமாம். மிச்சம் என்ன என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்.
பத்து நிமிடத்தில் மூன்று அதிகாரம் சொன்னேன். ஒரு பிழையில்லை. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மார்ச் 20, வியாழன்
தம்பி வந்துவிட்டான். வழக்கில்லை என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் சோறும் பருப்பும்தான் இருந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

மார்ச் 21
யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துத் திரைகள், கொளுக்கிகள், வளையங்கள். ஒரே அலுப்பு. யாருக்குச் சொல்ல இனி? தம்பி குறட்டை விடுகிறான். ஆனாலும் ஐந்து மணிக்குக் கண் தானாக விழித்துவிட்டது, வாசித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு
ஆராதனை முடிந்த கையோடு போதகரிடம் சிங்களத்தில் எழுதின கடிதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மல்லி, அதுதான் தம்பி, போய்விட்டானே, இனி இங்கே யார் என்று காவலர் கேட்டார். சிவபாலன் என்றேன். கடிதத்தை இரண்டுதரம் வாசித்துவிட்டுக் கூப்பிட்டு விட்டார்.
நான் நினைத்ததைவிட வயது குறைவு. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
“கிளறன்ஸ் போனவுடன கதையும் போயிட்டுது எண்டு நினைச்சன், அக்கா.”
சீனாய் மலையடியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.