செல்வி அக்கா வச்ச மஞ்சள்

செவ்வாய்க்கிழமை

நம்ம முந்திரி கம்பெனிக்கு சர்டிபிகேட் வந்துடுச்சு! ஆளுங்களையும் மண்ணையும் கெடுக்காம தொழில் பண்றோம்னு அச்சடிச்சே குடுத்துட்டாங்க. கடலூர் கூரியர் ஆபீஸ்லயே பிரிச்சுப் பாத்து அழுதுட்டேன்.

போன மாசம் இதுக்காக ஒரு சார் ஆய்வுக்கு வந்தார். முந்திரி உடைக்கிறவங்களுக்குப் புதுசா வாங்கிக் குடுத்த கிளவுஸ்ல எல்லாம் மஞ்சக் கறை. "ஏம்மா, பழசைக் குடுத்து ஏமாத்துறீங்களா?"ன்னு கேட்டார். சர்டிபிகேட் போச்சுன்னே நெனச்சேன். செல்வி அக்காதான் உடைக்கிறத நிறுத்தாமலே, "புதுசை மஞ்ச வைக்காம யாராவது போடுவாங்களா சார்?"ன்னாங்க. அவர் சிரிச்சிட்டார். எனக்குச் சிரிப்பு வரல. அவர் போனதும் அக்காவைக் கண்டபடி திட்டினேன்.

அது மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இன்னைக்கு சர்டிபிகேட்டை மொதல்ல அவங்க கையில குடுத்தேன். நேரா சாமி படத்துக்கிட்ட போனாங்க. மஞ்சளைக் குழைச்சு ஒரு மூலையில வச்சுட்டாங்க.

"ஐயோ அக்கா, அது ஒரிஜினல்!"னு கத்தினேன்.

"புதுசும்மா"ன்னாங்க.

மீதி மூணு மூலைக்கும் நானே வச்சேன்.