ஃப்ரண்ட் எண்ட் சுலபம் என்று சொல்லும் வேலை

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து காற்று. பஸ் ஜன்னலை மூட முடியவில்லை. சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வருவதற்குள் தலையெல்லாம் மண்.
நான் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் இன்று புது பேட்ச். ஒன்பது பேர். அதில் ஜெயராணி அக்கா, முப்பத்தாறு வயது, மருந்துக்கடையில் பில் போடுகிறவர். எடுத்த எடுப்பில் கேட்டார், ஃப்ரண்ட் எண்ட் கஷ்டமா, பேக் எண்ட் கஷ்டமா என்று. சென்டர் நடத்தும் சார் சொல்லித் தந்த பதிலையே சொன்னேன். ஃப்ரண்ட் எண்ட் சுலபம், மூன்று மாதம் போதும். மூன்று வருடமாக இதே பதில்.
உண்மை, இங்கே மட்டும்:
ஃப்.எ. – வெப்சைட்டில் கண்ணுக்குத் தெரிகிற பக்கம். முதல் நாளே கலர், பட்டன், சந்தோஷம். எச்டிஎம்எல் ஒரு வாரம். அழகுபடுத்தும் சிஎஸ்எஸ், ஒரு பெட்டியை நடுவில் நிறுத்தவே அரை நாள். ஜாவாஸ்கிரிப்டில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.
பே.எ. – பின்னால் சர்வரில் ஓடுவது. எனக்குத் தெரியாது.

ஜூலை 28
பேக் எண்ட் வகுப்பு எடுத்த பிரபு வேலையை விட்டுவிட்டார். இனி அதையும் நானே எடுக்க வேண்டுமாம். தெரியாதே சார் என்றேன். "அவங்களுக்கு ஒரு பாடம் முன்னால போனாப் போதும்மா."
வேலைக்கு எழுதிப் போட்டிருந்த மதுரைக் கம்பெனியிலிருந்து மெயில். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. டிகிரி சர்டிஃபிகேட் ஒரிஜினல் வேண்டும். அது நான் சேர்ந்த நாளிலிருந்து சாரின் பீரோவில். கேட்டேன். வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார், முகத்தைப் பார்க்காமலே.

ஜூலை 30
மதியம் வகுப்பில்லை. பேக் எண்டுக்கான பைத்தான் திறந்தேன். பெயர் பதிகிற சின்னப் படிவம், இரண்டு மணி நேரம். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் பதிந்த பெயர் எதுவும் இல்லை. டேட்டாபேஸில் எழுதினால்தான் நிற்கும் என்று பிறகுதான் உறைத்தது. எழுதினேன். நின்றது. பார்க்க அழகாக ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்து கை தட்டலாம் போல இருந்தது.
பே.எ. நுழைவதுதான் கஷ்டம், உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஃப்.எ. நுழைய சுலபம், அப்புறம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி, முடிவே இல்லை.
சோப்பு வாங்க மறந்தேன்.

ஜூலை 31
ஜெ. அக்கா செய்த மெனு, போனில் திறந்தால் திரைக்கு வெளியே ஓடுகிறது. நாலு முறை அழித்து எழுதினார். கண் கலங்கிவிட்டது. "சுலபம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. அப்ப எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லபோல."
"இல்லக்கா. கஷ்டந்தான். எனக்கு இதுக்கே எட்டு மாசம் ஆச்சு. நான் சொன்னது பொய்."
ஒன்பது பேரும் கேட்டார்கள். கதவருகே சாரும். பிறகு கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சேர வந்தவர்களை நானே விரட்டுகிறேனாம்.
ஜெ. அக்கா எங்கும் போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் முறை எழுதினார். வந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி
சென்டருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மதுரை. கையில் ஜெராக்ஸ் மட்டும். கம்ப்யூட்டரில் ஒரு படிவம், ஃப்.எ., பே.எ. இரண்டும் செய்யச் சொன்னார்கள். செய்தேன். இன்டர்வியூ எடுத்த மேடம், "திங்கக்கிழமை ஒரிஜினலோட வாங்க, அன்னைக்கே சேர்ந்துக்கலாம்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.
அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். தானே போய்க் கேட்டு வாங்கி வருவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 2, சனி
கத்தரிக்காய் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு அப்பா சென்டருக்குப் போனார். நான் போகவில்லை, நேற்றுதானே காய்ச்சல்.
நாலு மணிக்கு வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. சார் எழுந்து நின்று கும்பிட்டாராம். காபி வாங்கித் தந்தாராம். ரெண்டு பிரிவுக்கும் இனி உங்கள் மகள்தான் தலைமை என்றாராம்.
"தங்கமான மனுசன் ஆத்தா. இம்புட்டு மருவாதயா யாரு நடத்துவா? எம் மக இன்னும் ரெண்டு வருசம் இருப்பான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன்."
சர்டிஃபிகேட் எங்கே என்று கேட்டேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம். திறந்து காட்டினாராம்.
பசிக்கிறது என்றார். தோசை ஊற்றினேன். இன்னொன்று கேட்டார். ஊற்றினேன்.