நிழல் இளைத்துவிட்டதாம்

அன்பு மகள் சுண்டெலிக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே என் வயிற்றெரிச்சலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே உன் கட்டைவிரல், கரண்டி, கழுவாத கோப்பை மூன்றும் சுகமென்று நீ போடும் படங்களில் தெரிகிறது, மற்றபடி உனக்குத் தலை ஒன்று இருப்பதற்கு ஆதாரமே இல்லை. முந்தாநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு புகைப்படக் கண்காட்சிக்குள் மாட்டிக்கொண்டேன். நூறு வருஷத்துக்கு முன் சில மகாமேதாவிகள் கோபுரமேறித் தெருவைத் தலைகீழாய் எடுத்தார்களாம், காமிராவே இல்லாமல் கத்தரிக்கோலைப் படக்காகிதத்தில் வைத்து வெளிச்சம் காட்டி அதன் நிழலையே படமாக்கினார்களாம், முகத்தைப் பாதியாக வெட்டினார்களாம். "பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணைத் திறக்கத்தான் சார் அப்படிப் பண்ணாங்க, இன்னிக்குப் போன்ல எல்லாரும் போடறது அங்கேருந்து வந்ததுதான்" என்றாள் விளக்கம் சொன்ன பெண். அவர்கள் திறந்த கண்ணில் உலகமே சேர்ந்து மண்ணள்ளிப் போடுகிறது, மேலிருந்து தட்டு, கீழிருந்து கட்டடம், பக்கத்திலிருந்து காது, ஏழு கண்டத்திலும் அதே தட்டு அதே காது, தூ!

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் உன் அம்மா முதலில் கேட்டது உன் முகத்தைத்தான். நீ அனுப்பியதோ சுவரில் ஒரு நிழல். அண்ணி மனசு நோகக்கூடாதென்று அதையே கதவளவு அச்சிட்டுக் கட்டிலருகே ஒட்டினேன். அன்றிலிருந்து அதைத் தடவித் தடவி, "நிழலே இப்படி இளைச்சிருக்கே, புள்ளைக்கு ஏதோ ஆயிருக்கு, நம்மகிட்ட மறைக்கிறா" என்று ஒரே புலம்பல். நேற்று போனில் நீ சாவகாசமாய்ச் சொல்கிறாய், "ஐயோ சித்தப்பா, அது நான் இல்ல, கோட்டும் தொப்பியும் மாட்டின ஸ்டாண்டு" என்று. அடிப்பாவி, ஒரு தாய் வாரக்கணக்கில் ஸ்டாண்டுக்குக் கண்ணீர் விட்டிருக்கிறாள், எந்தச் சக்கரவர்த்தியின் கோட்டுக்கும் கிடைக்காத பாக்கியம்! அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் என்னைத்தான் ஆணியில் மாட்டுவாள்.

ஆனால் அப்போ நீ எங்கேடி என்று நான் கேட்டதும் நீ போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போயிருக்கட்டும், முடி கொட்டியிருக்கட்டும், அழுதழுது முகம் பூசணியாய் வீங்கியிருக்கட்டும், ஜன்னலோரம் நின்று நேராகப் பார்த்து ஒரு படம் எடு, அடையாள அட்டைப் படம் மாதிரி கண்றாவியாக இருக்கட்டும். அம்மாவுக்குக் காட்டமுடியாத முகமென்றால் அவளிடம் பொய் சொல்ல நான் இருக்கிறேன், உலகமகா புளுகன். எனக்கு மட்டும் காட்டிவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நூறாண்டு நன்றாயிரு. மறந்துவிடாதே, நேராகப் பார்த்து.

இப்படிக்கு,
போனைக் கீழே வைக்காமல் காத்திருக்கும்
உன் சித்தப்பா